எட்வர்டா, ஏத்தல்வோல்டா? 899-ல் வெசெக்ஸ் யாருக்குச் சேர வேண்டியது?

ஆங்கிலோ-சாக்சன் அரியணைச் சண்டை என்றாலே எல்லோரும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் போய்விடுகிறார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது 899-ல் நடந்த பங்காளிச் சண்டைதான். அந்த அக்டோபரில் ஆல்ஃபிரட் மன்னர் இறந்ததும், தென் இங்கிலாந்தில் இருந்த அவருடைய வெசெக்ஸ் நாட்டின் அரியணைக்கு இரண்டு பேர் உரிமை கோரினார்கள். ஒருவர் ஆல்ஃபிரடின் மகன் எட்வர்ட். இன்னொருவர் எட்வர்டின் பெரியப்பா மகன் ஏத்தல்வோல்ட். நான் ஏத்தல்வோல்ட் பக்கம்.

எட்வர்டின் பலம் தெரிந்ததுதான். 893-ல் ஃபார்ன்ஹாமில் டேனியர்களை, அதாவது கடல் வழியே வந்த வைக்கிங் படையினரைத் தோற்கடித்தவர். தந்தையின் படையும் கோட்டை நகரங்களும் அவர் கையில் இருந்தன. ஆளத் தகுதியானவர் என்பதைப் பின்னாளில் நிரூபித்தும் காட்டினார்.

உரிமை வேறு விஷயம். ஏத்தல்வோல்டின் தந்தை ஏத்தல்ரெட், ஆல்ஃபிரடுக்கு அண்ணன், முடிசூடி ஆண்டவர். 871-ல் அவர் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். டேனியப் படை நாட்டுக்குள் நின்றது. அதனால் தம்பி ஆட்சிக்கு வந்தார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்துக்குச் செய்த ஏற்பாடு, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அண்ணன் வழியை ஏன் ஒதுக்க வேண்டும்? ஏத்தல்வோல்ட் சாட்சியாக வரும் ஒரே சாசனத்தில் அவர் பெயர் எட்வர்டுக்கு முன்னால்தான் இருக்கிறது; அந்த வரிசை தகுதியைக் காட்டும்.

அப்படியானால் ஏன் தோற்றார்? என் பதில்: நிலம். அந்தக் காலத்தில் நிலம் இருந்தால்தான் ஆட்களுக்குச் சோறு போடலாம், பரிசு தரலாம், கூப்பிட்டால் வருவார்கள். ஆல்ஃபிரடின் உயில் இன்றும் இருக்கிறது. அதைப் பொறுமையாகப் படித்தால் சண்டையின் முடிவு அதிலேயே தெரிந்துவிடும். ஏத்தல்வோல்டுக்குக் கிடைத்தவை கோடால்மிங், கில்ஃபர்ட், ஸ்டெய்னிங் என மூன்றே பண்ணைகள். எட்வர்டுக்கோ பல மாவட்டங்களில் நிலங்கள்; கென்ட்டில் ஆல்ஃபிரடுக்குச் சாசனம் மூலம் சொந்தமாக இருந்த நிலங்கள் மொத்தமும் அவருக்கே. சொத்துப் பங்கீடு பற்றிப் பேச்சு கிளம்பியதால், தன் தந்தையின் உயிலைச் சபையில் வாசிக்க வைத்துத் தீர்ப்புக் கேட்டதாக ஆல்ஃபிரடே அதில் சொல்கிறார். தீர்ப்பு அவருக்குச் சாதகம். ஆளும் மன்னர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெரியவர்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆல்ஃபிரட் இறந்ததும் ஏத்தல்வோல்ட் தன் தந்தையின் கல்லறை இருந்த விம்போர்னைப் பிடித்து வாயில்களை அடைத்தார். “வாழ்ந்தாலும் இங்கேதான், செத்தாலும் இங்கேதான்” என்றார். எட்வர்ட் படையோடு பக்கத்தில் பேட்பரியில் வந்து இறங்கியதும் இரவோடு இரவாகக் குதிரையேறிப் போய்விட்டார். மூன்று பண்ணையின் ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுப் படையை எதிர்க்க முடியாது. ஒரு கன்னியாஸ்திரியை ஆயரின் ஆணையை மீறிக் கூட்டி வந்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் நமக்கு இதையெல்லாம் சொல்வது எட்வர்ட் தரப்பில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்புகள் என்பதால், முழுதாக நம்பவும் தயக்கமாக இருக்கிறது.

அப்புறம் வட இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் இருந்த டேனியர்கள் ஏத்தல்வோல்டை மன்னராக ஏற்றார்கள். எதிரியோடு சேர்ந்தாரே என்பதுதான் அவர்மேல் உள்ள பெரிய பழி. அது நியாயமான பழிதான். கூட்டாளிகளோடு அவர் நடு இங்கிலாந்தின் மெர்சியாவைச் சூறையாடியபோது துன்பப்பட்டது சாதாரண மக்கள். என்றாலும் சொந்த ஊரில் ஆள் சேர்க்க வழியில்லாதவருக்கு வெளியே இருந்துதானே படை வர வேண்டும்? அதற்கு முன் கப்பற்படையோடு வந்து இறங்கியபோது கிழக்குக் கரையோர எசெக்ஸ் அவருக்குப் பணிந்தது. ஆள்பலம் இருந்த இடத்தில் அவர் உரிமைக்கு மதிப்பும் இருந்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

902 டிசம்பரில் ஹோம் என்ற இடத்தில் கடைசிப் போர். எட்வர்ட் திரும்பச் சொல்லி ஏழு தூதர்களை அனுப்பியும் அவருடைய கென்ட் படை பின்தங்கி நின்று மோதியது. களம் டேனியர் வசம்தான் இருந்தது. ஆனால் கிழக்கு ஆங்கிலியா டேனியர்களின் மன்னர் எயோரிக்கும் ஏத்தல்வோல்டும் அதே களத்தில் இறந்துவிட்டார்கள். வென்ற பக்கத்தில் அரியணை கேட்க ஆள் இல்லை.