ராத்திரியில் மட்டும் போகும் நெட்

"ராத்திரி ஆனா நெட் போயிடுதுடா." ஒரு வருடமாக அப்பா போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ராத்திரி என்றால் எனக்கு ஆபீஸ் நேரம். ஒரு காதில் மீட்டிங், இன்னொரு காதில் அப்பா. "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். மறுநாள் காலை விசாரித்தால் "இப்ப வருது" என்பார். நம் வைத்தியம் பலித்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

இந்த முறை மூன்று வாரம் ஊருக்குப் போனேன். அதில் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டியிருந்ததால், அப்பாவின் பிரச்சினை என் பிரச்சினையாகிவிட்டது. நான் போவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆள் பகலில் வந்திருக்கிறார். தன் போனில் வைஃபையைப் போட்டு வேகத்தை அளந்து காட்டி, "எங்க லைன் சுத்தமா இருக்கு சார், கம்ப்யூட்டரைத்தான் பார்க்கணும்" என்று சொல்லி, புகாரை முடிக்க ஓடிபி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவர் பெட்டியை இரண்டு நாள் எடுத்துப் போய் ஃபார்மட் செய்து திருப்பித் தந்திருக்கிறார். "என் இடத்துல நல்லா வருது, லைன்லதான் கோளாறு." ஃபார்மட் செய்ததில் அப்பா சேர்த்து வைத்திருந்த புக்மார்க் எல்லாம் போனது மட்டும்தான் கண்ட பலன்.

இரண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டி வரைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் இன்னொருவர் பொறுப்பு. நடுவில் பதினெட்டு மீட்டர் லேன் கேபிள் ஒன்று ஓடுகிறது. அதற்கு யாரும் பொறுப்பு இல்லை. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதல் நான்கு நாள் நானும் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு, அப்பா சொன்ன மாதிரியே நெட் போனது. ஹாலில் வைஃபை ஜோராக ஓடியது. அப்பாவின் அறை பின்பக்கம்; வைஃபை அங்கே எட்டாததால்தான் ஆரம்பத்திலேயே கேபிள் இழுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்து, அதன் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தேன். முகவரி 169.254 என்று ஆரம்பித்தது. இந்த எண் ஒரு நல்ல துப்பு. கம்ப்யூட்டர் ரவுட்டரிடம் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கேட்டு, பதிலே வராமல் போனால், தானாகவே ஒன்றை வைத்துக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்றுதான் தொடங்கும். ஒழுங்காக இணைந்திருந்தால் வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று வரும். அதாவது வெளியுலக இணையம் வரைக்கும் யோசிக்கவே தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே, அந்தக் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் பேச்சு நின்றிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டும் நான் செய்ததெல்லாம் மென்பொருள் வைத்தியம்தான். படித்தவன் புத்தி. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். இணையதளப் பெயர்களுக்கு எண் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினேன். முகவரியே கிடைக்காத கம்ப்யூட்டருக்கு டிஎன்எஸ் மாற்றுவது, டயர் பஞ்சரான வண்டிக்கு ஹாரன் மாற்றுவது மாதிரி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க கார்டை அணைக்கலாம் என்று விண்டோஸில் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிட்டேன். பதினொன்றரை மணிக்குத் தூக்கம் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் நெட் வருகிறது. "சரி பண்ணிட்டேன்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி மறுபடி போனது.

இடையில் கஸ்டமர் கேருக்கும் போன் செய்தேன். எந்த மொழி என்பதற்கு ஒரு எண், எந்தச் சேவை என்பதற்கு ஒரு எண், அப்புறம் இருபது நிமிடம் இசை. பேசிய பெண் நல்ல மரியாதையாகப் பேசினார், ஆனால் அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. "ரவுட்டரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடுங்கள் சார்." போட்டாகிவிட்டது. "சிவப்பு விளக்கு எரிகிறதா சார்?" இல்லை. "வைஃபை வருகிறதா சார்?" வருகிறது. "அப்படியென்றால் இணைப்பு சரியாக உள்ளது சார்." கேபிளில் வரவில்லை என்று மூன்றாவது முறை சொன்னதும் புகார் எண் ஒன்று கொடுத்தார். ஆள் வருவாரா என்றேன், வருவார். எப்போது? காலை பத்திலிருந்து மாலை ஆறுக்குள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் போகிறது என்றேன். அந்தத் தாளில் ராத்திரிக்கு இடம் இல்லை.

வந்த தம்பி நல்ல வேலைக்காரர், குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தார். ஃபைபரைக் கழற்றி அதில் சொருகினார், வரும் ஒளியின் பலம் மைனஸ் 19 என்று காட்டியது. இந்த மாதிரி வீட்டு ஃபைபரில் மைனஸ் 27 வாக்கில் இறங்கினால்தான் பெட்டி தடுமாறும். 19 என்பது வசதியான இடம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கப் போன அப்பாவைச் சட்டென்று தடுத்தார். அதில் போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி, நெட் அருமையாக ஓடியது. "வருதே சார்?" என்றார். நான் என்ன சொல்ல? ஒரு வருடமாக அப்பா நின்ற இடத்தில் அன்று நான் நின்றேன்.

அன்று பகலில் ஒரு துப்பை நானே கண்ணால் பார்த்துவிட்டுக் கோட்டை விட்டேன். வீட்டில் இருப்பது 200 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டர் பக்கத்தில் நின்றால் போனில் 190 வரை வந்தது. கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் 94-ஐத் தாண்டவில்லை. நெட்வொர்க் விவரத்தைத் திறந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது. பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் முடியும்போல என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்தக் கார்டு ஜிகாபிட் கார்டு, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை போகும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாகப் பின்னிய நான்கு ஜோடிகள். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தால் பல கார்டுகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கி ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த 100-இல் கைக்குக் கிடைப்பது 94 வாக்கில்தான். ஆக, "94-லேயே நிற்கிறது" என்று யாராவது சொன்னால், கம்பி ஒன்று போயிருக்கலாம் என்று அர்த்தம்.

நான்காம் நாள் ராத்திரி கொஞ்சம் புத்தி வந்தது. என் லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துப் போய், பையில் இருந்த ஒரு மீட்டர் கேபிளால் ரவுட்டரில் நேராகச் சொருகினேன். வந்தது. அதே லேப்டாப்பை அப்பாவின் அறைக்குக் கொண்டுபோய் அங்கே இருந்த கேபிளில் சொருகினேன். வரவில்லை. பத்தே நிமிட வேலை. லைனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, டிரைவரும் இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

சரி, கேபிள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பகலில் நன்றாக இருக்கும் கேபிளுக்கு ராத்திரி என்ன ஆகிறது? ஐந்தாம் நாள் சாயங்காலம் மேசைக்கு அடியில் தலையை விட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்தில் இருக்கும் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. கேபிளை லேசாக ஆட்டினேன், அசையவில்லை. முனையின் கொக்கி உடையாமல் இருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா உள்ளே வந்தார். "இங்க என்னடா பண்ற, தரையில படுத்துக்கிட்டு?" என்று கேட்டபடியே ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

விளக்கு அணைந்தது.

"அம்மா, ஜன்னலைத் திறங்க." திறந்தார். எரிந்தது. "சாத்துங்க." அணைந்தது. இரண்டு விநாடி கழித்துத் துடித்து எரிந்து மறுபடி அணைந்தது. மூன்று முறை திறந்து சாத்திய பிறகு அம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் கவலை வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "நான்தான் ராத்திரி ராத்திரின்னு சொல்லிட்டே இருந்தேனே" என்றார்.

கேபிள் போட்டவர் சுவரில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு, ஹால் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வெளிச்சுவரை ஒட்டி இழுத்து, அப்பா அறை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்திருக்கிறார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் கேபிள் தினமும் ராத்திரி நசுங்கியிருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்ததும் உள்ளே அறுந்த கம்பி மறுபடி ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் அம்மா செய்யும் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. என் மறுதொடக்க வைத்தியம் பலித்த ரகசியம் அதுதான்.

தெரிந்தவர் மூலம் ஒயரிங் வேலை செய்யும் பையன் ஒருவன் கிடைத்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். இந்தப் பயணத்தில் நான் பார்த்த சேவைகளிலேயே உருப்படியான ஒன்று இவனுடையதுதான். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கேபிளின் இரண்டு முனையையும் ஒரு டெஸ்டரில் சொருகினான். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று எரிந்தன, நான்கு எரியவில்லை, ஐந்திலிருந்து எட்டு வரை எரிந்தன. "நாலாவது நீலம் சார், அது எப்பவோ செத்துப்போச்சு." ஜன்னலைச் சாத்தச் சொன்னான். இப்போது ஆறும் போனது. "ஆறாவது பச்சை. நீலம் போனா வேகம் குறையும், பச்சை போனா எல்லாமே போயிடும்." 94-க்கும் ராத்திரிக்கும் சேர்த்து ஒரே வரியில் விளக்கம் சொல்லிவிட்டான்.

ஜன்னலில் நசுங்கிய இடத்தை வெட்டி எடுத்து, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியம் சார். மேல மட்டும் செம்புப் பூச்சு. ரெண்டு தடவை மடிச்சா உடஞ்சிடும்." மடித்தான், உடைந்தது. அந்தக் கேபிள் வெயிலுக்கு ஆனதும் இல்லை. வெளியே கிடந்த பகுதியின் மேலுறை விரலால் தேய்த்தாலே பொடியானது. வெட்டிய இடத்தில் ஜாயிண்ட் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆறு மாசத்துல மறுபடி கூப்பிடுவீங்க என்றான். முழுச் செம்புக் கேபிளாகப் புதிதாக இழுக்கச் சொன்னேன்.

ஹாலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டான். முனை மாட்டாத கேபிளை அதில் விட்டு இழுத்து, அப்புறம்தான் முனை மாட்டினான். அதனால் ஓட்டை பெரிதாகத் தேவைப்படவில்லை. பதினெட்டு மீட்டர் ஒன்பது மீட்டரானது. மேலுறையைச் சீவி, எட்டுக் கம்பிகளைப் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தட்டையாக நீவினான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். வாய்க்குள் வாய்ப்பாடு மாதிரி ஓடியது. பின்னலை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை; பிரித்தால் ஒரு ஜோடியின் இரைச்சல் இன்னொரு ஜோடியில் ஏறும். ஒரே சீராக வெட்டி, முனைக்குள் தள்ளி, கம்பிகளின் நுனி கண்ணாடிபோன்ற அந்த பிளாஸ்டிக்கில் முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். கேபிளின் மேலுறையும் முனைக்குள் போயிருக்க வேண்டும், அப்போதுதான் இழுத்தாலும் கம்பியில் பாரம் விழாது. கிரிம்பிங் கருவியால் ஒரு அழுத்து. டெஸ்டரில் எட்டும் எரிந்தன. ஓட்டை போட்டதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டியது. வேகம் 196. அன்று ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டு நான்கு பேரும், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட, திரையைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா போனுக்கு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எடுத்த நடவடிக்கை ரவுட்டர் மறுதொடக்கம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

"அந்தப் பையனுக்கு இதுல எங்கடா நட்சத்திரம் போடறது?" என்று கேட்டார்.