இலைத் தேயிலைகள்: பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்ததில் தெரிந்தவை

ஒரு டீஸ்பூன் சிடிசி தேயிலையை (இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கியது) தராசில் போட்டால் இரண்டரை கிராம் அளவுக்குக் காட்டும். பிளாக் டீக்கும் கிரீன் டீக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங், மணிபோல் உருட்டியதென்றால், மூன்று கிராமைத் தொடும். அதே கரண்டியில் பெரிய இலைகளாக உள்ள ஒயிட் டீயை அள்ளினால் ஒரு கிராம் தேறுவதே கஷ்டம். இதைக் கவனிக்காமல் "ஆளுக்கொரு ஸ்பூன்" என்று போட்டுவிட்டு, ஒயிட் டீ சப்பென்று இருக்கிறது, ஊலாங் கசக்கிறது என்று முடிவு கட்டுபவர்களே அதிகம். பல மாதங்கள் விதவிதமான தேயிலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று நன்றாகப் புரிந்துவிடும். தேயிலையின் குறை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி எடை, தண்ணீர், நேரம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று மாறியதால் வந்தது. அந்த மூன்றையும் கட்டிப்போட்ட பிறகு மிஞ்சும் வித்தியாசம் எதுவோ, அதுதான் இலையின் குணம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. விலை உயர்ந்த தேயிலையை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தொழில்முறைச் சுவைஞர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்றொரு சர்வதேசத் தரநிலை 1980 முதல் இருக்கிறது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம், மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குடுவை. இப்படிப் போட்ட தேநீர் குடிக்கச் சுகமாக இருக்காது. துவர்ப்பு தூக்கலாக நிற்கும். இலையில் உள்ள நல்லது கெட்டது இரண்டும் ஒளிய இடமில்லாமல் வெளியே வருவதற்காகவே அந்த ஆறு நிமிடம். வீட்டில் ஒப்பிடும்போது பிளாக் டீக்கு இந்த முறையை அப்படியே பின்பற்றலாம். அன்றாடம் குடிப்பதற்கு அதே 2 கிராமை மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

கோப்பைகள் எல்லாம் ஒரே அளவு, உள்பக்கம் வெள்ளை. நிறத்தைப் பார்க்க வேறு வழியில்லை. ஊற்றுவதற்கு முன் வெந்நீரால் கோப்பைகளைச் சூடாக்க வேண்டும். தடித்த பீங்கான் ஜில்லென்று இருந்தால் தண்ணீரின் சூட்டை முதல் நொடியிலேயே இழுத்துக்கொள்ளும். ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் 20 விநாடி இடைவெளி விட்டு ஊற்றி, அதே வரிசையில் அதே இடைவெளியில் வடிக்கவும். ஒரு தடவைக்கு நான்கு வகை போதும். அதற்கு மேல் போனால் துவர்ப்பு நாக்கில் படலமாகத் தங்கி, ஐந்தாவது கோப்பைக்கு நியாயம் கிடைக்காது. மென்மையானதில் தொடங்கி அழுத்தமானதில் முடிக்கவும். பைன் மரப்புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் வரிசையில் இருந்தால் அதற்குக் கடைசி இடம்தான். முன்னால் வந்துவிட்டால் மற்ற எல்லாம் புகைந்து போகும்.

உருண்டை வடிவச் சல்லடைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உருட்டிய ஊலாங் ஊறி விரியும்போது பல மடங்கு பெருகும். உருண்டைக்குள் இலை நெருக்கிக்கொண்டு நிற்க, வெளிப்புறம் மட்டும் ஊறி நடுப்பகுதி அப்படியே இருக்கும். அகலமான கூடை வடிகட்டி, அல்லது இலையை நேரடியாகப் போட்டு வேறொரு பாத்திரத்தில் வடிப்பது, இரண்டும் நல்ல வழி.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கடைசியாகச் சந்தேகப்படுவது அதைத்தான். கடினநீரில் போட்ட பிளாக் டீயை இரண்டு நிமிடம் ஆடாமல் வைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே எண்ணெய் போல மெல்லிய ஏடு தெரியும். கோப்பையை அசைத்தால் அந்த ஏடு கண்ணாடிச் சில்லாக உடைந்து ஓரத்தில் ஒட்டி, பழுப்பு வளையமாகக் காயும். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிஃபீனால்களோடு (துவர்ப்பு தரும் பொருள்கள்) காற்றுபடும் இடத்தில் சேர்ந்து உண்டாக்குவது அது. ஓரிரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஏடு கலைந்து, நிறமும் கண்ணெதிரே வெளிறும். அமிலத்தில் தேநீரின் நிறமிகள் வெளிறுவதுதான் காரணம். கடினநீரில் சாயம் கறுத்து மங்கலாக இருக்கும், மணம் அமுங்கும். தாதுக்கள் அறவே நீக்கிய தண்ணீரில் சாயம் பளிச்சென்று இருந்தாலும் சுவை மெலிந்து, துவர்ப்பு மட்டும் கூர்மையாகத் துருத்தும். இரண்டுக்கும் நடுவே, ஓரளவு மென்மையான தண்ணீரே ஒப்பிட ஏற்றது. அதைவிட முக்கியம், இன்றைக்கும் மூன்று மாதம் கழித்தும் அதே தண்ணீர் என்பது. தண்ணீர் மாறினால் பழைய குறிப்புகள் எல்லாம் செல்லாது.

வெப்பமானி கையில் இல்லையா? கொதித்த நீரை அறை வெப்பத்தில் உள்ள பாத்திரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். இரண்டு முறை மாற்றினால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். உயரமான இடங்களில் கணக்கு வேறு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பிளாக் டீக்கு அரை நிமிடம் கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

சுவைக்கும்போது மூன்றையும் பார்க்க வேண்டும்: காய்ந்த இலை, ஊறிய இலை, தேநீர். காய்ந்த இலை ஏமாற்றும். ஊறிய இலை அதிகம் ஏமாற்றாது. வடித்ததும் குடுவையைக் கவிழ்த்து, இலையை மூடியின் உள்பக்கத்தில் கொட்டி, சூடாக இருக்கும்போதே மூக்கருகில் கொண்டுபோங்கள். நன்றாகத் தயாரித்த பிளாக் டீயின் ஊறிய இலை புதுச் செம்பு நிறத்தில் ஒளிரும். அடுப்பில் கூடுதலாகக் காய்ந்தது கறுத்து மங்கி, சுட்ட வாடை அடிக்கும். இலைகளை விரலால் விரித்துப் பார்த்தால் கொழுந்து எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, காம்பு எவ்வளவு என்று எண்ணிவிடலாம். டார்ஜிலிங் முதல் பறிப்பின் (வசந்தகாலத்தில் பறிக்கும் முதல் கொழுந்து) இலை இந்தச் சோதனையில் பச்சையாகவே இருக்கும், அது குறை அல்ல. அந்தப் பருவத்து இலையைக் கடுமையாக வாடவைத்து ஈரத்தை இறக்கிவிடுவதால் ஆக்சிஜனேற்றம் முழுமையாக நடப்பதில்லை. பிளாக் டீ என்ற பெயரில் வந்தாலும் குணத்தில் பாதி கிரீன் டீ. அதற்கு 90 டிகிரியும் மூன்று நிமிடமும் போதும்.

தேநீரைக் கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சுவது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் காற்றோடு சேர்ந்து வாய் முழுக்கத் தெளித்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு ஒன்று செய்யுங்கள், பெரும்பாலோர் செய்யாதது: கோப்பையை ஆறவிட்டு மறுபடி குடியுங்கள். சூடு பல குறைகளை மூடிவிடும். 40 டிகிரிக்கு இறங்கியதும் புளிப்பு, பழைய வாடை, வெறும் கசப்பு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். நல்ல தேயிலையில் அந்தச் சூட்டில்தான் இனிப்பு எழும்பும். இரண்டு தேயிலைகளுக்குள் முடிவு எடுக்கத் திணறினால், ஆறிய கோப்பை சொல்வதை நம்பலாம்.

முழுக்க ஆறும்போது அஸ்ஸாம் போன்ற அழுத்தமான தேநீர் பால் கலந்ததுபோல் கலங்குவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கஃபீனும் தியாஃபிளேவின் வகைப் பொருள்களும் குளிர்ச்சியில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால் வரும் கலங்கல் அது. பொதுவாகத் தேநீரின் வலுவுக்குச் சாட்சி. மறுபடி சூடாக்கினால் தெளிந்துவிடும். நீலகிரித் தேயிலைகளில் இந்தக் கலங்கல் குறைவு. அதனால்தான் ஐஸ் டீ போடுகிறவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள்.

பிளாக் டீக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குணங்கள் எளிதாகப் பிரியும். அஸ்ஸாம் இரண்டாம் பறிப்பு கனமானது, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மணம், நாக்கின் நடுவில் உட்காரும். நீலகிரி லேசானது, பூ வாசம், துவர்ப்பு வந்த வேகத்தில் போய்விடும். இலங்கையின் ஊவா, ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் பறித்ததென்றால், குடித்து முடித்த பின் வாயில் புதினா போன்ற குளிர்ச்சி நிற்கும். வேறு பருவத்து ஊவாவில் அதைத் தேடிப் பயனில்லை. டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பில் மஸ்கட் திராட்சையின் மணம் என்று சொல்வது வெறும் விளம்பரப் பேச்சல்ல. மே, ஜூனில் இலைத்தத்துப்பூச்சிகள் கொழுந்தின் சாற்றை உறிஞ்ச, செடி தற்காப்புக்காகச் சுரக்கும் பொருள்களிலிருந்து வருகிறது அந்த மணம். தைவானின் ஓரியண்டல் பியூட்டி ஊலாங்கின் தேன் வாசத்துக்கும் காரணம் இதே மாதிரிப் பூச்சிக்கடிதான். இரண்டையும் ஒரே நாளில் குடித்தால் அந்த உறவு தெரியும். ஒப்பிட்டுச் சுவைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது.

பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் ஓ.பி., பி.ஓ.பி., எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. எழுத்துகளைச் சுவைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை இலையின் அளவையும் அதில் எவ்வளவு கொழுந்துமுனை இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்கின்றன. ஓ.பி. என்பதன் விரிவான "ஆரஞ்சு பெக்கோ"வுக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் சம்பந்தம் இல்லை. உடைந்த பி.ஓ.பி. இரண்டு நிமிடத்தில் முழுச் சாயத்தையும் இறக்கிவிடும். முழு இலைக்கு நான்கு வேண்டும். பால் ஊற்றிக் குடிக்க உடைந்த இலையும் சிடிசியும்தான் ஏற்றவை. பாலின் கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், மென்மையான முழு இலை பாலுக்கு முன் காணாமல் போய்விடும்.

கிரீன் டீயில்தான் அதிகப் பேர் தோற்றுப்போகிறார்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, கசக்கிறது என்று ஒதுக்குகிறார்கள். கசப்பும் துவர்ப்பும் தரும் கஃபீனும் கேட்டசின்களும் சூடு கூடக் கூட வேகமாக இறங்கும். தியானைன் என்ற இனிப்பு கலந்த ருசி தரும் அமினோ அமிலமோ குறைந்த சூட்டிலேயே நன்றாகக் கரைந்துவிடும். ஜப்பானிய சென்சாவுக்கு 70 முதல் 75 டிகிரி, ஒரு நிமிடம். இரண்டாம் ஊறலுக்குச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, 15 விநாடியில் வடித்துவிட வேண்டும். இலை ஏற்கெனவே விரிந்திருப்பதால் முதல் தடவை போல விட்டால் கசந்துவிடும். சீனாவின் லாங்ஜிங் 80 டிகிரியையும் இரண்டு நிமிடத்தையும் தாங்கும். சென்சாவின் பச்சை இலையை ஆவியில் வேகவைக்கிறார்கள், லாங்ஜிங்கைச் சூடான இரும்புச் சட்டியில் கையால் அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். முன்னதில் கடற்பாசி, புல் வாசம். பின்னதில் வறுத்த கொட்டையின் வாசம். இந்த இரண்டையும் ஒரே சூட்டில் ஒப்பிட்டால் ஒன்றுக்கு அநியாயம் செய்வதாகும். ஒருநாள் சமச் சூட்டில், இன்னொரு நாள் அதனதன் சூட்டில், இரண்டு தடவையும் குறித்துவைத்தால்தான் முழுப் படம் கிடைக்கும். சென்சா அரைமணி நேரத்தில் பழுப்பேறினால் இலை கெட்டது என்று நினைக்க வேண்டாம், கேட்டசின்கள் காற்றுபட்டு நிறம் மாறியிருக்கின்றன. வடித்த உடனேயே பழுப்பாக இருந்தால்தான் இலை பழசு.

ஊலாங்கை 100 மி.லி.க்கு 5 கிராம் போட்டு, 95 டிகிரியில் 15, 15, 20, 30 விநாடி என்று அடுத்தடுத்து வடிப்பதே அதை அறியச் சரியான வழி. எந்த ஊறலில் சுவை விழுகிறது என்று பாருங்கள். முதல் ஊறலில் மணம் கும்மென்று வீசி, மூன்றாவதில் வெறும் வெந்நீராகிவிட்டால் பெரும்பாலும் அது மேலே தெளித்த வாசனை. இலைக்குள்ளேயே உள்ள மணம் படிப்படியாகத்தான் இறங்கும்.

ஒரு பொட்டலத்தின் உண்மை அதன் கடைசிக் கால்பங்கில் தெரியும். திறந்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். கிரீன் டீயும் டார்ஜிலிங் முதல் பறிப்பும் திறந்து இரண்டு மூன்று மாதங்களில் மேல்மணத்தை இழக்கும். பிளாக் டீ ஒரு வருடம் தாங்கும். பாதி காலியான டப்பாவில் இலையைவிடக் காற்று அதிகம், ஆகவே சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். கண்ணாடி ஜாடி அழகுதான், வெளிச்சம் உள்ளே போகும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதென்றால் திறக்காத பொட்டலத்தை மட்டும் வைக்கவும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஜில்லென்ற இலையின் மேல் ஈரம் படிந்து, ஒரே வாரத்தில் சுவை செத்துவிடும்.

மணம் போன பழைய சென்சாவை எறிந்துவிட வேண்டாம். எண்ணெய் படாத வாணலியை மிதமான தீயில் வைத்து, இலையைப் போட்டு, கை விடாமல் கிளறுங்கள். முதலில் புல் வாசம் எழும்பும், பிறகு காம்புகள் பழுப்பாகும், அடுத்து வறுத்த வாசம் வரும். மெல்லிய புகை தெரிந்ததுமே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகும். ஜப்பானில் ஹோஜிச்சா என்று விற்பது இப்படி வறுத்த இலைதான். இதற்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, அரை நிமிடத்தில் வடிக்கலாம்.