பத்து வருஷம் தாங்கும் ஸ்கெட்ச் புக்: பத்திரிகைக் கார்ட்டூன் வேலையில் கண்டது

எந்தப் புதுத் தாளிலும் முதல் வாரம் கோடு அழகாகத்தான் ஓடும். பழைய புத்தகத்தில் ஒரு முகத்தையோ, அன்று கைவிட்ட யோசனையையோ அவசரமாகத் தேடும்போதுதான் ஸ்கெட்ச் புக்கின் உண்மையான தரம் தெரியும்.

முதலில் அளவுக் கணக்கு. நாளிதழுக்கு வாரம் ஆறு கார்ட்டூன் என்றால், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து யோசனைகளைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கிறுக்க வேண்டியிருக்கும். ஏ5 பக்கத்தில் ஆறு கட்டம் அடங்கும். அதற்கே வாரம் ஐந்து பக்கம். முகம், கை, வாகனப் பயிற்சிக்கு இன்னும் ஐந்து. 100 பக்கப் புத்தகம் பத்து வாரத்தில் தீர்ந்துவிடும். பத்து வருஷத்தில் ஐம்பது புத்தகம் சேரும். அதனால் முதல் நாளே பக்க எண் போட்டு, கடைசி இரண்டு பக்கங்களை அட்டவணைக்கு ஒதுக்குங்கள். யார் முகம், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்பது போதும். அச்சுக்குப் போகாத யோசனைக்கு ஓரத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். பட்ஜெட்டும் தேர்தலும் விலைவாசியும் திரும்பி வரும். அந்தப் புள்ளிகள் அப்போது கைகொடுக்கும். முகத்தை மட்டும் பழைய பக்கத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். முன்நெற்றி ஏறியிருக்கும், கண்ணாடிச் சட்டம் மாறியிருக்கும். புதுப் புகைப்படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பென்சில் கிறுக்கலுக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். தொட்டெழுதும் நிப்புக்கு 120க்குக் குறையக் கூடாது. தூரிகையால் மை நிரப்புவதென்றால் 160க்கு மேல் வேண்டும். சொரசொரப்பான தாளில் நிப்பின் பிளவுக்குள் நார் சிக்கிக் கோடு திடீரென்று தடிக்கும். நிப்பை அவ்வப்போது துணியில் துடைத்தால் சரியாகிவிடும். ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது. உள்ளே காய்ந்தால் பேனா பாழ். சாய மையில் வரைந்தவை வெளிச்சத்தில் மங்கும், தண்ணீர் பட்டால் கரையும். நிறமி மைதான் நிற்கும். ஆல்கஹால் மார்க்கர் மெல்லிய தாளைத் தாண்டி அடுத்த பக்கத்தையும் கெடுப்பதால், அதற்குத் தனிப் புத்தகம் வைப்பது நல்லது.

நுண்கோட்டுப் பேனாவில் 01 என்ற அளவு எண் 0.25 மி.மீ. கோட்டைக் குறிக்கும். 21 செ.மீ. அகலத்தில் வரைந்த படம் பக்கத்தில் 7 செ.மீ. ஆகச் சுருங்கினால் அது 0.08 மி.மீ. ஆகிவிடும், செய்தித்தாளில் அங்கங்கே அறுந்து போகும். நெருக்கமான குறுக்குக்கோடுகளோ, மை பரவி ஒரே கறுப்பாகிவிடும். அச்சுக்கான படத்தில் 05க்குக் கீழே இறங்காமல் இருப்பது பாதுகாப்பு.

பழைய புத்தகங்களை அதிகம் கெடுப்பது, வெளிவந்த கார்ட்டூனை வெட்டி அதே புத்தகத்தில் ஒட்டும் பழக்கம். செய்தித்தாளில் லிக்னின் என்ற மரக்கூறு அதிகம். அது பழுத்து அமிலம் கசிந்து, எதிர்ப்பக்கத்திலும் பழுப்பு நிழல் விழும். செல்லோ டேப் இன்னும் மோசம். சில வருஷங்களில் பிளாஸ்டிக் உதிர்ந்து, பசைக்கறை மட்டும் நிற்கும். மாவுப்பசை ராமபாணப் பூச்சியை அழைத்துவரும். அமிலமற்ற தாளில் நகலெடுத்து, தனிக் கோப்பில் வையுங்கள்.

4பி போன்ற மென்மையான பென்சில் எதிர்ப்பக்கத்தில் தேய்ந்து இரண்டையும் அழுக்காக்கும். எச்பி அல்லது 2பி போதும், அல்லது வலப்பக்கத்தில் மட்டும் வரையலாம்.

சுருள்கம்பிப் புத்தகம் ஸ்கேனரில் தட்டையாகப் படியும். ஆனால் அடுக்கி வைத்தால் கம்பி நசுங்கும், ஓட்டை ஓரங்கள் கிழியும். தையல் பைண்டிங்கில் நடுமடிப்பு நிழல் விழுந்தாலும் நீண்ட நாளைக்கு அதுதான் சரி. மடிப்பிலிருந்து 2 செ.மீ. விட்டு வரைந்தால் அந்தக் குறையும் தீரும். பென்சில் பக்கங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) கிரேஸ்கேலிலும் (சாம்பல் சாயல்களோடு), மைக்கோட்டுப் படங்களை 1200 டிபிஐ கறுப்பு-வெள்ளையிலும் ஸ்கேன் செய்யலாம். முடிந்த புத்தகங்களை பாலித்தீன் பையில் இறுகக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாத அலமாரியில், காற்றோட்டம் இருக்கும்படி படுக்கை வாட்டில் நாலைந்தாக அடுக்கினால் போதும்.