ஏற்காட்டு மலையில் ஒரு பால்வாடி: சோறு நன்று, நேரம் போதாது

ஏற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் அங்கன்வாடியில் என் மகளைச் சேர்த்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஊரில் எல்லோருக்கும் அது பால்வாடிதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்குவதால் கட்டணம் இல்லை.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதியம் சூடான சோறு, வாரத்தில் மூன்று நாள் முட்டை. மஞ்சள் கருவை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு ஆயாம்மா அதைச் சோற்றோடு பிசைந்து, சிறு உருண்டைகளாகக் கையில் வைப்பார். வீட்டில் முட்டையைக் கண்டாலே முகம் திருப்பும் என் மகள் அங்கே மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறாள். இந்த உணவுச் செலவை மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. அந்தப் பணம் தட்டு வரை வந்து சேருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு அவள் எடை இறங்கியதை வளர்ச்சி அட்டையைக் காட்டி எனக்கு முதலில் சொன்னவரும் அங்கன்வாடிப் பணியாளர்தான்.

கட்டடம் சுமார். சன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை ஆணியடித்திருக்கிறார்கள்.

உண்மையான குறை நேரம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெண்கள் காலை எட்டு மணிக்கே தோட்டத்தில் நிற்க வேண்டும். மாலையில் பழத்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். (எஸ்டேட்டில் கணக்கு எழுதும் எனக்கும் அதே நேரம்தான்.) பால்வாடியோ ஒன்பதரைக்குத் திறந்து, நான்கு மணிக்குள் பூட்டப்படுகிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால் இருபது பேரை வைத்துப் பறிக்கும் சிறு தோட்டங்களை அது பெரும்பாலும் எட்டவில்லை. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் நிதி தரும் பால்னா திட்டத்தில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு வழி இருக்கிறது. எங்கள் மையத்துக்கு அது இன்னும் வரவில்லை. வந்தால் அந்தப் பணத்தில் சுவருக்கு வண்ணமும் பொம்மைகளும் வாங்குவதற்கு முன், மாலையில் இருக்க இன்னொரு ஆயாவை அமர்த்த வேண்டும் என்பதே என் கருத்து.

இப்போதைக்கு, நான்கு மணிக்கு மகளை அழைத்து வந்து நான் திரும்பும் வரை பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறேன்.