கிரேட் ஓஷன் ரோடு: எதிர்த்திசையில் செல்லும் ஒரு நாள் சுற்றுலா

மெல்பர்னில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, கிரேட் ஓஷன் ரோடு கடலோரச் சாலைக்கு நானும் என் மனைவியும் ஒரு நாள் வேன் சுற்றுலாவில் சென்று வந்தோம். பல நிறுவனங்கள் வண்டி விடுகின்றன; வழக்கமாக அவை கடலோரமாகப் போய் உள்நாட்டு வழியாகத் திரும்பும். காலையில் உள்நாட்டு வழியாகக் கோலாக் ஊரைக் கடந்து நேரே, கடலில் தூண்களாக நிற்கும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போய், மாலையில் கடலோரமாகத் திரும்பும் வண்டி என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்தத் தேர்வு வீண்போகவில்லை. நாங்கள் சேர்ந்தபோது பார்வை மேடையில் கூட்டமே இல்லை. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு தூண்கள் வராது. அலைகள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குகையாக்க, குகை துளைபட்டு வளைவாகி, அந்த வளைவும் இடிந்து விழுந்தபின் தனியே எஞ்சுவதுதான் இந்தத் தூண் என்றும், அப்படி நின்றவற்றுள் ஒன்று 2005 ஜூலையில் சில நொடிகளில் நொறுங்கி விழுந்தது என்றும் ஓட்டுநர் நிதானமாக விளக்கினார். அடுத்துப் பார்த்த லண்டன் பிரிட்ஜ் என்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் கரையோடு இருந்த தொடர்பை இழந்தபோது, அப்பால் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டிருக்கிறார்கள். இவற்றைக் கேட்டபின் அதே பாறைகளைப் பார்ப்பது வேறோர் அனுபவம். இந்தச் சுற்றுலாவின் உண்மையான மதிப்பு அந்த ஓட்டுநர்தான்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. 1878இல் கப்பல் உடைந்து, அதிலிருந்த 54 பேரில் இருவர் மட்டுமே பிழைத்துக் கரையேறிய லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்கு 25 நிமிடமே கொடுத்தார்கள். முழங்கால் வலியுள்ள என் மனைவி படியிறங்கி மணலை மிதித்தவுடனேயே திரும்ப ஏற வேண்டியதாயிற்று. அப்பல்லோ பேயில் மதிய உணவுக்கோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கியிருந்தார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்த எங்களுக்கு அதில் பாதியே போதும்.

அங்கிருந்து லோர்ன் வரை மலைக்கும் கடலுக்கும் இடையே சாலை வளைந்து வளைந்து செல்கிறது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் ஏறத்தாழ 3,000 பேர், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை பெரும்பாலும் கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிய சாலை இது. அங்கும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால், எதிர்த்திசையில் வரும்போது கடல் வலப்பக்கம், ஒரு தடம் தள்ளியே தெரியும். ஆகவே வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கடல் சன்னலை ஒட்டியே வர வேண்டும் என்பவர்களுக்கு வழக்கமான திசையே ஏற்றது. எதுவாயினும், பணம் கட்டுமுன் லாக் ஆர்டில் எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.