ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாக இறக்குவதா? புதுச்சேரிக்காரர்களுக்கான ஒரு கணக்கு

புதுச்சேரியைச் சுற்றி மலை கிடையாது. கோரிமேட்டையும் கடலூர் கேப்பர் மலையையும் மலைக்கணக்கில் சேர்ப்பது நம்ம ஊர்ப் பெருமை, அவ்வளவுதான். ஆனாலும் மவுன்டன் பைக் ஓட்ட இடம் இருக்கிறது. ஆரோவில் பக்கம் மழைநீர் அரித்துப் போட்ட செம்மண் ஓடைகள், இரும்பை தாண்டினால் முந்திரித் தோப்புக்குள் போகும் வண்டித்தடங்கள், கேப்பர் மலையின் சரளைச் சரிவுகள். திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கிற அதே கடலூர் மணற்கல் படிவுதான் இங்கெல்லாம் அடியில் இருப்பது. மேலே செம்மண்ணும் உருளும் சரளையும், குறுக்கே வேர்கள், திடீரென்று ஆளுயரப் பள்ளம். இறக்கம் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இந்த நிலத்துக்கு 120 அல்லது 130 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷனில் சக்கரம் மேலும் கீழும் ஆடும் தூரம்) போதும். 160 மிமீ சைக்கிளை இங்கே மிதிப்பது வீண் சுமை. இன்னும் ஒளிக்காமல் சொன்னால், இந்தக் கரையைத் தாண்டி வேறெங்கும் போகப்போவதில்லை என்பவருக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல ஹார்ட்டெயிலே போதும், மீதிப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம். ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் என்று வருடத்துக்குச் சில முறையாவது ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும், வேர் மேலே உட்கார்ந்தபடியே மிதிக்க முதுகு இடம் கொடுக்காதவருக்கும்தான், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் கேள்வியே வருகிறது. மேலே படிப்பவர் அந்த ரகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

வழிகள் நான்கு. ஒன்று, ட்ரெக், ஜயன்ட் மாதிரி கம்பெனியின் முழு சைக்கிளை டீலரிடம் வாங்குவது. இரண்டு, பெயர் பெற்ற கம்பெனியின் அலுமினிய ஃப்ரேமை மட்டும் வெளிநாட்டிலிருந்து இறக்கி மற்றதைத் தேடிச் சேர்ப்பது. மூன்று, சீனத் தொழிற்சாலையிலிருந்து நேராக கார்பன் ஃப்ரேம். நான்காவதை யாரும் அதிகம் பேசுவதில்லை: இங்கேயே ஒரு நல்ல ஹார்ட்டெயிலை வாங்கி, அதன் பாகங்களைக் கழற்றி, இறக்கிய ஃப்ரேமில் மாட்டுவது.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து இரண்டாவது வழியில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆகாது. சைக்கிள் கம்பெனி கியர், பிரேக், ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்) எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. நாம் ஒன்றே ஒன்றைச் சில்லறை விலைக்கு வாங்குகிறோம். இதற்கு மேல் சுங்கம். வரி ஃப்ரேம் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. பொருளின் விலை, கூரியர் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன் மேல் சுங்க வரி, அந்த வரியும் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி. 60,000 ரூபாய் ஃப்ரேமுக்கு 12,000 ரூபாய் கூரியர் என்றால் கணக்கே 72,000-இல்தான் தொடங்கும். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கொள்ளளவையும் பார்ப்பார். ஃப்ரேம் பெட்டி பெரிது. எனவே கார்பன் லேசானது, கூரியர் குறையும் என்ற கணக்கு பலிக்காது. சில விற்பனையாளர்கள் பில்லில் விலையைக் குறைத்து எழுதித் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். சுங்கத்தில் மாட்டினால் அபராதம், வழியில் உடைந்தால் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் இன்சூரன்ஸ்.

அப்படியானால் முழு சைக்கிளே வாங்கிவிடலாமே? வாங்கலாம், தப்பே இல்லை. வாரன்டி உண்டு, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற தலைவலி இல்லை. எனக்கு அதில் உள்ள குறை வேறு. ஃபுல் சஸ்பென்ஷன் என்று போர்டு போட்டு ஒரு லட்சத்துக்குள் வருபவற்றில் பெரும்பாலானவை ஸ்பிரிங் வைத்த கனமான வண்டிகள், துள்ளலை அடக்கும் டேம்பிங் என்பதே இருக்காது. உருப்படியானவை அதற்கு மேலே வெகுதூரத்தில்தான் தொடங்குகின்றன. அவற்றிலும் கீழ்நிலை மாடலில் நல்ல ஃப்ரேமுக்குச் சுமாரான ஃபோர்க்கும் பிரேக்கும் கட்டிக்கொடுப்பார்கள். வாங்கி ஒரு வருடத்தில் அவற்றை மாற்றினால் இரண்டு முறை செலவு.

மூன்றாவது வழி, சீன கார்பன். ஒரே அச்சில் வார்த்த ஃப்ரேமைப் பல பெயர்களில் விற்பதால் இவற்றை ஓப்பன் மோல்டு என்பார்கள். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் இந்தியாவில் தடையான பிறகு, பெரும்பாலும் தொழிற்சாலை ஆளிடம் நேராகப் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பயப்படுகிற அளவுக்கு மோசமான சரக்கு என்று சொல்லமாட்டேன். இவற்றில் நான் கவலைப்படுவது கார்பனைப் பற்றி அல்ல, ஃப்ரேமின் பின்பகுதி ஆடுவதற்கான இணைப்புகளைப் பற்றி. லிங்க் போல்ட்டு ஒன்று தேய்ந்தால் அதே அளவில் இன்னொன்று எங்கே கிடைக்கும்? மூன்று வருடம் கழித்து அந்த அச்சே இருக்காது. வாரன்டி இருந்தாலும் ஃப்ரேமைத் திருப்பி அனுப்பும் செலவு நம் தலையில். வாங்குவதென்றால் ஆர்டரோடு சேர்த்தே ஒரு செட் பேரிங், முழு போல்ட்டு செட், இரண்டு ஹேங்கர் (பின் கியரை மாற்றும் டிரெய்லியரை ஃப்ரேமில் தொங்கவிடும் துண்டு) கேளுங்கள். 2019-இல் கியர் கம்பெனியான ஸ்ராம் கொண்டுவந்த யூடிஹெச் என்னும் பொது ஹேங்கர் பொருந்தும் ஃப்ரேமாக இருந்தால் ஹேங்கர் கவலை போய்விடும். பெயர் தெரிந்த கம்பெனி, பெயர் தெரியாத கம்பெனி என்று பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி அலுமினியமா கார்பனா என்றால், நம் கடல் காற்றில் நான் அலுமினியம் பக்கம். கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அதற்குள் ஒட்டியிருக்கும் அலுமினிய உறைகளும் ஸ்டீல் போல்ட்டுகளும் உப்பு ஈரத்தில் கார்பனைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அரிமானம் வேகமாகும். அலுமினிய ஃப்ரேமிலும் ஸ்டீல் போல்ட்டு இறுகிப் பிடிக்கும், ஆனால் கிரீஸ் போட்டு வருடத்துக்கு இருமுறை கழற்றி மாட்டினால் சமாளிக்கலாம். எடை வித்தியாசம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. நம் ஊரில் ஏற்றமே இல்லை, அந்த ஒரு கிலோவைச் சுமந்துவிட்டுப் போகலாம்.

இணைப்பு அமைப்பிலும் இதே நியாயம்தான். ஒற்றை அச்சில் ஆடும் சிங்கிள் பிவட்டில் பேரிங் குறைவு. பின்பகுதியில் கூடுதல் மூட்டுகள் உள்ள ஹார்ஸ்ட் லிங்க் வகையில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் இன்னும் நன்றாகத் தரையைத் தொடர்ந்து போகும், ஆனால் மாற்ற வேண்டிய பேரிங்கும் அதிகம். ஐப்பசி கார்த்திகையில் ஆரோவில் சேற்றுக்குள் ஓட்டிவிட்டு, வீட்டில் பிரஷர் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறவருக்கு சிங்கிள் பிவட் ரொம்ப நல்லது. வாங்கும் முன் ஃப்ரேமில் என்ன பேரிங் என்று கேட்டு எழுதி வையுங்கள். 6902, 6900 போன்ற எண்கள் உலகப் பொது அளவுகள். மோட்டார், பம்பு செட்டுக்கு பேரிங் விற்கும் கடையிலேயே சொல்லிவைத்து வாங்கலாம். லிங்க் ஆடுவது கொஞ்சமாகவும் சுமை அதிகமாகவும் இருப்பதால், கூண்டு இல்லாமல் முழுக்க பால்ஸ் நிரப்பிய மேக்ஸ் வகை கிடைத்தால் அதுவே நல்லது. சொந்த அளவில் பேரிங் போட்டிருக்கும் ஃப்ரேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முன்னால் ஃபோர்க்கும் பின்னால் ஷாக்கும்தான் செலவு அதிகமாகும் இடம். ஏர் வகை, காயில் வகை என்று இரண்டு உண்டு. எடைக்கு ஏற்றபடி காற்றை ஏற்றி இறக்கலாம் என்பதால் ஏர் வசதி. காயிலில் உங்கள் எடைக்கான ஸ்பிரிங் வேண்டும். தவறான ஸ்பிரிங் வந்தால் மறுபடியும் கூரியர், மறுபடியும் சுங்கம். எனவே ஏர். ஆனால் பராமரிப்பு நேரத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், டேம்பருக்கு 200 மணி நேரம். ஃபாக்ஸில் முழு சர்வீஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை. கீழ்க்கால் சர்வீஸ் வீட்டு வராந்தாவிலேயே செய்யக்கூடியது. டேம்பர் வேலைக்கு பெங்களூர் பக்கம் கூரியர் போட வேண்டியிருக்கும். செம்மண் தூசி சீலில் ஒட்டும் ஊர் என்பதால் 50 மணி நேரத்தை 60 ஆக்காமல் இருப்பது நல்லது. ஷாக் பம்பு தனியாக வாங்கியே ஆகவேண்டும். பின் ஷாக்குக்கு 200 பிஎஸ்ஐக்கு மேல்கூடப் போகும், பங்க்சர் கடைக் காற்று அதற்கு உதவாது.

ஷாக் அளவு ஃப்ரேம்காரர் சொன்னதுதான், ஒரு மில்லிமீட்டர் தள்ளுபடி கிடையாது. 190×45 என்றால் மொத்த நீளம் 190 மிமீ, அமுங்கும் தூரம் 45. உட்கார்ந்ததும் அதில் 30 சதவீதம், அதாவது 13.5 மிமீ அமுங்குமாறு காற்று வைத்துத் தொடங்கலாம். முடிந்தால் ஷாக்கோடு சேர்த்தே ஃப்ரேமை வாங்குங்கள். அந்த ஃப்ரேமுக்கென்று உள்ளே ட்யூன் செய்த ஷாக் வரும், தனியாக வாங்கினால் அது பெரும்பாலும் பொதுவான ட்யூன்.

கியரில் ஆசை 12 ஸ்பீடுக்குப் போகும். ஷிமானோ டியோர் 12 ஸ்பீடு 2020-இல் வந்தபோது அது நியாயமான ஆசையாகவும் ஆனது. 10-51 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு), கொல்லிமலை ஏறும். ஆனால் அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் (பின் ஹப்பில் கேசட் ஏறி உட்காரும் பகுதி) வேண்டும். ஸ்ராமில் ஜிஎக்ஸ் மாடல் முதல் மேலே உள்ளவற்றுக்கு எக்ஸ்டி (XD) ஃப்ரீஹப். டியோர் எம்5100 11 ஸ்பீடோ, 11-51 பல்லோடு, பழைய ஹெச்ஜி ஃப்ரீஹப்பிலேயே உட்கார்ந்துவிடும். வித்தியாசம் சின்னப் பல்லில் ஒன்று மட்டும். அந்த ஒரு பல்லுக்காக ஹப்பை மாற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2023-இல் வந்த ஷிமானோவின் கியூஸ் கியர் வரிசையும் ஹெச்ஜியில் ஏறும், கனம் கூட, ஆனால் மூன்று மடங்கு வரை கூடுதலாக உழைக்கும் என்று ஷிமானோவே சொல்கிறது. மணலும் உப்பும் செயினைத் தின்னும் ஊருக்கு இது தோதானது. கியூஸ் டிரெய்லியரோடு டியோர் ஷிஃப்டரைக் கலக்காதீர்கள், கேபிள் இழுப்பு வேறு.

பிரேக் எண்ணெயில் ஒரு சுவாரசியமான முரண். ஸ்ராம் பிரேக் பலவற்றில் டாட் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் கெட்ட குணம். ஆனால் டாட் 4 எந்த மோட்டார்சைக்கிள் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். ஷிமானோவின் மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, தோலிலும் பெயின்டிலும் பட்டாலும் பெரிதாகக் கெடுதி இல்லை, ஆனால் ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஷிமானோ பக்கம். ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் போதுமே. இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிப்போய் பிரேக்கே போய்விடும்.

சக்கரம்: 32 துளை ரிம், துருப்பிடிக்காத ஸ்போக், பித்தளை நிப்பிள். லேசு என்று அலுமினிய நிப்பிள் போட்டால் உப்பில் அப்படியே பிடித்துக்கொள்ளும். கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடமே கட்டலாம். டயர் டியூப்லெஸ்தான், சீமைக்கருவேல முள் உள்ள ஊரில் இதில் விவாதமே இல்லை. வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி பார்த்து ஊற்றுங்கள்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எனக்கு நான்காவது வழிதான் பிடிக்கிறது. டியோர் கியர், ஷிமானோ ஹைட்ராலிக் பிரேக், 29 இன்ச் சக்கரம் உள்ள ஹார்ட்டெயில் இங்கேயே பில்லோடு, வாரன்டியோடு கிடைக்கும். ஆறு மாதம் ஓட்டினால் உங்களுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் உண்மையிலேயே வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். வேண்டும் என்றால் ஃப்ரேமையும் ஷாக்கையும் மட்டும் இறக்கினால் போதும். ஃபோர்க் நன்றாக இருந்தால் அதையும் புது ஃப்ரேமுக்கே மாற்றிக்கொள்ளலாம். ஒரு பெட்டி, ஒரு சுங்கக் கணக்கு.

இதில் கண்ணி ஒன்று உண்டு. ஹார்ட்டெயில் வாங்கும்போதே பின் ஹப் 12×148 த்ரூ ஆக்ஸில்தானா (12 மிமீ தடிமன், 148 மிமீ அகலத்துக்கு ஊடே திருகும் அச்சு) என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் 135 அல்லது 141 மிமீ குவிக் ரிலீஸ் இருக்கும், அது புது ஃப்ரேமில் ஏறாது. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் இடம்) 73 மிமீ திருகு வகையா, சீட் போஸ்ட் 30.9-ஆ 31.6-ஆ, ஃபோர்க் ஸ்டீரர் (ஹேண்டில்பார் பக்கம் ஏறும் குழாய்) கீழே அகன்ற டேப்பரா, அது நுழையும் ஹெட் டியூப் உள்ளளவு மேலே 44, கீழே 56-ஆ என்று இரண்டு பக்கமும் பொருத்திப் பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள். ஃபோர்க் ஒரு ஹார்ட்டெயிலுக்கு 100 மிமீ டிராவலில் வந்திருந்தால் 130 மிமீ ஃப்ரேமில் முன்பக்கம் தாழ்ந்து பெடல் கல்லில் இடிக்கும். பல ஏர் ஃபோர்க்குகளில் உள்ளே இருக்கும் ஏர் ஷாஃப்டை மட்டும் மாற்றி டிராவலைக் கூட்டலாம், அந்த மாடலுக்கு எவ்வளவு வரை கூட்டலாம் என்பதைக் கம்பெனிக் கையேட்டில் பாருங்கள்.

வீட்டில் கட்டுவதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். டார்க் ரெஞ்ச், பாட்டம் பிராக்கெட் சாவி, கேசட் சாவி, செயின் கட்டர், பிரேக் பிளீட் செட், இவை கட்டாயம். ஹெட்செட் கப் அழுத்துவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீளத் திருகுக் கம்பியும் பெரிய வாஷர்களும் போதும். ஒவ்வொரு திருகுக்கும் கிரீஸ், லிங்க் போல்ட்டுக்கு மட்டும் ஃப்ரேம்காரர் சொன்ன இடத்தில் நீல த்ரெட் லாக்கர். ஃபோர்க் ஸ்டீரரை மட்டும் முதல் நாளே வெட்டிவிட வேண்டாம். ஸ்டெம்முக்கு மேலேயும் கீழேயும் ஸ்பேசர் போட்டு, ஊசுட்டேரிக் கரைவரை சில வாரம் ஓட்டி, ஹேண்டில்பார் உயரம் பிடிபட்ட பிறகு, ஒரு ஸ்பேசர் அளவு கூட விட்டே வெட்டுங்கள்.