மீராவைப் பார்ப்பவர்களுக்கு ஏஏவிஎஸ்ஓ தளம்: என் அனுபவம்

மீரா விண்மீனைக் கண்ணால் பார்த்துக் கணக்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள் நேராக ஏஏவிஎஸ்ஓ தளத்துக்குப் போங்கள். மீராவைப் போல ஒளி மாறும் விண்மீன்களைப் பார்ப்பவர்களுக்காக 1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் அது. விண்மீன் வரைபடத்துக்கும், ஒளி நாளுக்கு நாள் மாறுவதைப் புள்ளிகளாகக் காட்டும் ஒளி வரைவுக்கும் காசு கிடையாது.

பெயரைத் தட்டினால் வரைபடம் வரும். ஒப்பிட வேண்டிய விண்மீன்கள் பக்கத்தில் ஒளி அளவு எண்ணாக இருக்கும்; எண் கூடினால் ஒளி குறைவு. 4.1 என்பதை 41 என்றுதான் போடுகிறார்கள். புள்ளி வைத்தால் அதையும் ஒரு விண்மீன் என்று கண் எண்ணிவிடும். இருட்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த அக்கறை வரும்.

ஆனால் என்னை உண்மையில் கட்டிப்போட்டது ஒளி வரைவு. ஐப்பசியில் மழை விட்ட ஓர் இரவு. ஏழரை மணிக்கு மீரா, ஒப்பிட வைத்திருந்த பக்கத்து விண்மீன் காமா சீட்டியைவிடப் பளிச்சென்று தெரிந்தது. 3.3 என்று எழுதினேன். பத்து மணிக்குப் பார்த்தால் காமாவுக்கும் அதைவிட மங்கலான டெல்டா சீட்டிக்கும் நடுவில், 3.7. மொட்டை மாடியிலேயே படபடப்பு வந்துவிட்டது. மீரா சுமார் 332 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும் சிவப்புப் பெரு விண்மீன். இரண்டரை மணி நேரத்தில் இப்படி இறங்கக் கூடாது. அதே சமயம், இவ்வகை விண்மீன்கள் சில மணி நேரத்திலேயே மாறியதாக ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் தரவை வைத்து 1998-இல் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. 2004-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட மீரா வகை விண்மீன்களைத் தேடியவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வரைவைத் திறந்தேன். தளத்தில் பதிந்த புள்ளிகளில் நம்முடையதைத் தனித்துத் தெரியும்படி காட்டச் சொல்லலாம். மற்றவர்களின் புள்ளிகள் 3.7-ஐ ஒட்டி நெருக்கமாக இருந்தன. என் ஏழரை மணிப் புள்ளி மட்டும் தனியே மேலே. அப்போதுதான் உறைத்தது. மீராவுக்குப் பிறகே காமா உதிக்கும். ஏழரைக்கு அது அடிவானத்தை ஒட்டி, தடித்த காற்றுக்குள் மங்கிக் கிடந்தது. மங்கியதோடு ஒப்பிட்டதால் மீரா தூக்கலாகத் தெரிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் இரண்டும் நன்றாக மேலே ஏறும்வரை காத்திருக்கிறேன். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அதன் ஒளி கூடுவதுபோலத் தோன்றும் என்பதால், சட்டென்று பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறேன்.

அந்தப் புள்ளியை நான் நீக்கவில்லை. பதிவில், விண்மீன் வானில் தாழ்வாக இருந்தது என்பதற்கு 'எல்' என்று ஒரு குறி உண்டு. அதைச் சேர்த்து அப்படியே விட்டிருக்கிறேன்.